உப்புப் பார்க்கும் நாக்கு

எருக்கலம்பிட்டி வீதியில் வாகன ஏசி திருத்துகிறவர் அவர். ஒடிசலான உடம்பு, எண்ணெய் ஊறிய தொப்பி. எந்தப் பழைய பாகத்தைக் கொடுத்தாலும் நகத்தால் சுரண்டி, நாக்கு நுனியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாகனத்தில் பூட்டுவார்.

மனைவியை இரத்தச் சுத்திகரிப்புக்கு வவுனியாவுக்குக் கொண்டுபோகும் என் வான் வண்டியில் ஏசி கண்டென்சர் ஓட்டையாகிவிட்டது. கொழும்பில் வாங்கிய பழையதொன்றை நீட்டினேன். புதுப் பெயின்ட் பளபளத்தது. அவர் சுரண்டி நக்கினார், முகத்தைச் சுளித்தார்.

"கடற்கரையில ஓடின வாகனத்தின்ர சாமான். உள்ளுக்கு உப்பு ஏறிட்டுது. ரெண்டு மாதத்தில இதுவும் ஓட்டையாகும். பூட்டமாட்டன்."

"நாளைக்கு அவவைக் கொண்டுபோக வேணும், நானா. வெக்கையில மயங்கிப்போறா."

அவர் தன் வானின் முன்பக்கத்தைக் கழற்றத் தொடங்கினார். இரண்டும் ஒரே இன வான்.

"அப்ப உங்கட வானுக்கு?"

"எனக்கு யன்னல் காத்தே காணும்."

அவர் கழற்றிப் பூட்டிய கண்டென்சர் நான்கு வருடமாக என் வானில் குளிரடிக்கிறது. போன மாதம், கொட்டிலில் கிடந்த அந்தக் கொழும்புச் சாமானை எடுத்துச் சுரண்டி நக்கிப் பார்த்தேன். கரித்தது. பிறகு சாமானைத் தொடாத மற்றக் கை விரலை நக்கினேன். அதுவும் கரித்தது.