எக்ஸ்பர்ட் என்று எழுதிய விண்ணப்பம்

அந்த விண்ணப்பத்தை நான் ஐந்து முறை எழுதினேன். நான்கு தாள் வீணானதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் காரணம்.

பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் எஞ்சின் ஃபிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பம் இங்கிலீஷில் வேண்டும் என்று செய்தி வந்தது. என் வீட்டுக்காரர் அன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஆயில் எஞ்சின் பழுது பார்ப்பவர். சுற்று வட்டாரத்தில் எட்டு ஊருக்கு அவர்தான். ஆனால் இரண்டு வருஷமாக மழை இல்லை. கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது எஞ்சினை யார் ஓட்டுவார்கள்? ஓடாத எஞ்சின் கெட்டும் போகாது. கூலியாக வந்துகொண்டிருந்த சோளமும் நின்றுவிட்டது. எனக்கு அப்போது ஏழாவது மாதம். பிள்ளை பிறப்பதற்குள் இவருக்கு ஒரு நிலையான வேலை வேண்டும் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

அப்பா ஈரோட்டில் ரயில்வேயில் இருந்ததால் நான் அங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். ஆகவே எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

“என்னன்னு எழுதறதுங்க மாமா?”

“ஏதோ கொஞ்சம் எஞ்சின் வேலை தெரியுமுன்னு எழுது அம்மணி.”

“கொஞ்சம் தெரிஞ்சவருக்கு யாருங்க வேலை குடுப்பாங்க?” என்றேன் எரிச்சலாக. அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். சிரிக்க அவருக்கு, கவலைப்பட எனக்கு என்று கல்யாணத்தன்றே பிரித்துக்கொண்டோம்.

எங்கள் டீச்சரம்மா கண்டிப்பானவர். ஒரே அர்த்தம் போலத் தெரிகிற வார்த்தைகளை இடம் மாற்றிப் போட்டால் விரல் முட்டியில் ஸ்கேலால் அடிப்பார். அந்த வலி எனக்கு இன்னும் இருந்தது. முதலில் ‘ஸ்கில்ஃபுல்’ என்று எழுதினேன். அது கைவாகு உள்ளவருக்கு. தையல்காரருக்கும் போடலாம், சமையல்காரருக்கும் போடலாம். ‘க்ளெவர்’ என்று மாற்றினேன். ஆள் தந்திரக்காரன் என்று நினைத்துவிட்டால்? ‘ப்ரொஃபிஷியன்ட்’ என்பது படித்துத் தேறியவருக்கு. இவர் யாரிடம் படித்தார், எதில் தேறினார் என்று கேட்டால் என்ன சொல்வது? மிச்சம் இருந்தது ‘எக்ஸ்பர்ட்’. தெரியாதவர்கள் யாரைத் தேடிப் போகிறார்களோ அவருக்குத்தான் அது பொருந்தும் என்று டீச்சரம்மா சொல்லியிருந்தார். வண்டி கட்டிக்கொண்டு வந்து இவரைத்தானே கூட்டிப் போகிறார்கள்? துணிந்து எழுதினேன். அதை ஒட்டி ‘இன்’ வருமா, ‘அட்’ வருமா என்ற குழப்பத்தில் இன்னொரு தாளும் போயிற்று.

அவருக்குக் காட்டாமலே தபாலில் போட்டுவிட்டேன். எந்த வார்த்தை போட்டேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிழித்துப்போட்டு வேறு எழுது என்றிருப்பார்.

திங்கட்கிழமை வரச்சொல்லிக் கடிதம் வந்தது. விடியக் கிளம்பிப் போனவர் மத்தியானமே திரும்பிவிட்டார். அந்த நேரத்தில் அவரைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். மெட்ராஸ்காரர் ஒருவர் அங்கே பெரிய எஞ்சினியர். காகிதத்தைப் பார்த்து, “எஞ்சின் வேலையில் நிபுணர் என்று போட்டிருக்கிறதே, அப்படியா?” என்று கேட்டாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, ஏதோ கொஞ்சம் தெரியுமுங்கன்னேன். பொய்யா எழுதிப்போட்டு வந்திருக்கியான்னு கேட்டுப்போட்டு அனுப்பிச்சுட்டாரு.”

எஞ்சினைக் கண்ணில்கூடக் காட்டவில்லையாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் யார்மேல் கோபப்படுவது? எங்கள் பக்கத்தில் ஐம்பது ஏக்கர் நிலம் வைத்திருப்பவரும் ‘ஏதோ கொஞ்சம் காடு இருக்குதுங்க’ என்றுதான் சொல்வார். ஏழு வகைப் பதார்த்தம் பரிமாறிவிட்டு ‘ஒண்ணுமே செய்யலீங்க’ என்பார்கள். தன்னைத் தானே கெட்டிக்காரன் என்று சொல்கிறவனுக்கு யாரும் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள். டீச்சரம்மா சொன்னதையெல்லாம் யோசித்த நான் இந்த மனுஷர் வாயை யோசிக்கவில்லை.

மறுநாள் நானும் கிளம்பினேன். “வயித்துப் புள்ளையோட எங்கே வாரே?” என்று தடுத்தார். வாரேன் என்றால் வாரேன்தான். நான் எழுதியது பொய் இல்லை என்று சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பஸ்ஸில் வழி நெடுக, பேசவேண்டியதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

என் வயிற்றைப் பார்த்துத்தான் வாட்ச்மேன் உள்ளே விட்டிருப்பார். எஞ்சினியர் காகிதக் கட்டிலிருந்து எங்கள் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார்.

“இதை எழுதியது யார்?”

“நானுங்க.”

“நீங்களா? அவ்வளவு நன்றாக இங்கிலீஷ் தெரியுமா?”

“ஏதோ கொஞ்சம் தெரியுமுங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மனப்பாடம் செய்த அத்தனையும் போயே போய்விட்டது. நேற்று இவர் கெடுத்தது போதாதென்று இன்று நானும் கெடுத்துவிட்டேன். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எஞ்சினியர் விண்ணப்பத்தை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். “இதில் ஒரு தப்புக்கூட இல்லையே” என்றார். பிறகு என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “உமக்கும் இந்தக் கொஞ்சம்தானா?”

“ஆமாங்க” என்றார் இவர், ஒன்றும் புரியாமல்.

“வாரும்” என்று எழுந்து எஞ்சின் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். நான்கு நாளாகக் கிளம்பாத எஞ்சினாம். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. தோட்டத்து எஞ்சின் இவர் இடுப்பளவு இருக்கும். உள்ளே இருந்ததோ ஷெட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இவர் வேலை செய்து நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்? இரண்டு தடவை இருக்கலாம். அந்த வார்த்தையைத் தெரிந்துதான் எழுதினேனா, ஆசைப்பட்டு எழுதினேனா? உள்ளே ஒரு சத்தமும் இல்லை. வயிற்றில் பிள்ளை உதைத்தது. எனக்கு அழுகை வந்தது.

எவ்வளவு நேரமோ தெரியவில்லை. ஷெட்டுக்குள் எஞ்சினின் ஒரு இருமல், இன்னொரு இருமல், பிறகு உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர ஆரம்பித்தது. எஞ்சினியர் வெளியே வந்து, வரும் திங்கட்கிழமையிலிருந்து இவரை வேலைக்கு வரச் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் இவர் கேட்டார்: “இங்கிலீஷ்ல அப்படி என்னதான் எழுதுனே?”

“தெரியாதவங்க எல்லாரும் உங்களைத் தேடித்தானே வாராங்க? அதைத்தானுங்க எழுதுனேன்.”

அவர் பஸ் வருகிற பக்கமாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஏன் அம்மணி, அங்க போய் எனக்கே தெரியாம போச்சுன்னா, நான் யாரைத் தேடிப் போறது?”

எண்ணெய்க் கறை போகாத அந்தக் கைகளை முந்தானையால் துடைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் ஒட்டி நின்றுகொண்டேன்.