அறுபத்தோரு அடி

அன்றைக்குத் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்தவர்கள் இவர்கள்தான். ஐயா, அதாவது எங்கள் அப்பா, வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். அம்மா, தொட்டிப் பக்கம் சேலை துவைத்துக்கொண்டிருந்தாள். அது முந்தின நாளே துவைத்த சேலை. மாமா, அம்மாவின் தம்பி, தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் இறைக்கும் கமலையிலிருந்து அவிழ்த்துக் கட்டிய மாடுகள் இரண்டு. அண்ணன். நான்.

எனக்கு ஒன்பது வயது. பெண்பிள்ளை என்று மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் திருநெல்வேலியில் இன்டர்மீடியட் படித்தான். அந்த வருஷம் பரீட்சை முடிவு பேப்பரில் வந்தபோது அவன் நம்பர் இல்லை. கணக்கும் போச்சு, பிசிக்ஸும் போச்சு.

ஐயா ஒரே பேச்சுதான் பேசினார். "செப்டம்பர்ல இன்னொரு தடவ எழுது. அதுலயும் போச்சுன்னா கமலையப் பிடி."

அண்ணன் சாப்பிட உட்காருவான். சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

மறுநாள் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டாள். "ஏட்டி, அண்ணன் கெணத்துப் பக்கம் போனா நீயும் கூடப் போ. அவன் காலு தரைய விட்டுக் கெளம்புச்சுன்னா கத்து."

"ஏம்மா?"

"கேக்காதட்டி." போய்வந்தால் நாளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி தருவதாகச் சொன்னாள்.

மத்தியானம் கமலை நின்றதும் அண்ணன் கிணற்றுக்குப் போவான். சும்மா நிற்பான். தண்ணீரைப் பார்ப்பான். நானும் நின்றேன். வெயில். வேறு ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கருப்பட்டி தந்தாள். அடுத்த நாளும் அப்படியேதான்.

அதற்கும் மறுநாள் அவன் காலில் ஒரு கல் இடறியது. அதை எடுத்துக் கிணற்றுக்குள் விட்டான். சத்தம் வந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து நின்றான். திடீரென்று வீட்டைப் பார்த்து ஓடினான். பின்னாலேயே நானும் ஓடினேன். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"இந்தக் கணக்குதாம்ட்டி பரிச்சையில வந்துச்சு. விட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கல்லைப் போட்டால் எப்படிக் கணக்கு வரும்?

பிறகு தினமும் அதே வேலை. வேப்பங்கிளையில் நூல் கட்டி, அதில் ஒரு படிக்கல்லைத் தொங்கவிட்டான். நூலை முழம் போட்டு, அடி போட்டு, அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் ஒரு நொடியாம். அவன் கல்லை விடுவான். சத்தம் கேட்கிறவரை நான் அசைவை எண்ண வேண்டும்.

"எத்தன?"

"ரெண்டு."

"சரியா ரெண்டா? கூடவா, கொறச்சலா?"

"ரெண்டுன்னா ரெண்டுதான்."

"நீ பரிச்ச எழுதியிருக்கலாம்ட்டி" என்பான். பல நாள் கழித்து அவன் சிரித்தது அப்போதுதான்.

பிறகு ஒரு சாயங்காலம், "நீளமா ஒரு கயிறு வேணும்மா" என்று கேட்டான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கையிலிருந்த சுளகு கீழே விழுந்தது. அன்றைக்கே மாமாவுக்கு ஆள் போனது. கயிறு கேட்டதற்கு மாமா எதற்கு என்று நினைத்தேன்.

அதனால்தான் மறுநாள் எல்லாரும் கிணற்றடியில் இருந்தார்கள்.

அண்ணன் கிணற்று விளிம்பில் இருந்த கமலைக் கல்லின்மேல் குப்புறப் படுத்து, தலையைக் கிணற்றுக்குள் நீட்டினான். சத்தம் நன்றாகக் கேட்பதற்கு. கால் இரண்டும் தரையை விட்டு எழும்பின. அம்மா சொன்னது நினைவு வந்தது. கத்தினேன்.

மாமா ஒரே பாய்ச்சலில் அவன் காலைப் பிடித்து இழுத்தார். அண்ணன் நெஞ்செல்லாம் சிராய்ப்பு. அம்மா அவனை அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள்.

"கணக்குப் போடுதேன் மாமா! விடுங்க!"

"ஏலே, கணக்க நோட்டுல போடாம கெணத்துலயாலே போடுவாவ?"

அண்ணன் நோட்டை நீட்டினான். "தண்ணி அறுவத்தோரு அடியில கெடக்கு. மொதல்ல அறுவத்துநாலு வந்துச்சு. சத்தம் மேல வாரதுக்கும் நேரம் ஆகும்லா? அதக் கழிச்சேன். சரிதானான்னு அளந்து பாக்கத்தான் கயிறு கேட்டேன்."

ஐயா எழுந்து வந்தார். "கெணத்த வெட்டுனவன் நாங் கெடக்கேன். கேட்டாச் சொல்லமாட்டனாலே? தண்ணிக்கு நாப்பது முழம்."

முழத்துக்கு ஒன்றரை அடி என்று மாமா விரல் விட்டார். "அறுவது அடி. ஒரு அடி இடிக்கே மருமவனே."

ஐயா கிணற்றை எட்டிப் பார்த்தார். அண்ணனையும் பார்த்தார். "இந்த வெயிலுக்குத் தண்ணி ஒரு அடி எறங்கியிருக்கும்" என்றார். அண்ணனுக்காக அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு அடிதான்.

மாமா நோட்டைப் புரட்டினார். நாளுக்கு ஒரு பக்கம், அன்றையதும் சேர்த்து. "ஒம்பது நாளா இதே சோலியாலே?" என்று சிரித்தார். ஐயாவும் சிரித்தார். அண்ணன் செப்டம்பரில் தேறினான். அது பிறகு நடந்தது.

அம்மா சிரிக்கவில்லை. என்னைத் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"நீ எத்தன நாளுட்டி அவங்கூட வந்த?"

நாள் கணக்கு எனக்குத் தெரியாது. கருப்பட்டிக் கணக்குத் தெரியும். அன்றைய துண்டு இன்னும் கைக்கு வரவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். வலித்தது. அதுதான் சரியாகிவிட்டதே, இன்னும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் சொன்னது பதினொன்று.