கண்ண மூடிக்கினு சொன்ன பொய்

தொண்ணூறு, தொண்ணூத்தொண்ணு இருக்கும். எங்க ஊரு அடி அண்ணாமலைக்கு சைக்கிள்ல ஒரு குஷ்டரோக இன்ஸ்பெக்டர் வருவாரு. ஒல்லியான ஆளு. பேசும்போது மூஞ்சியப் பாக்கவே மாட்டாரு. காது மடல், முழங்கை, முதுகு, இதுங்களத்தான் பாப்பாரு. என் மூஞ்சியப் பாக்காததும் நல்லதுக்குத்தான்.

அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். முழங்கைக்கு மேல வெளுப்பா ஒரு தேமல். கிள்ளினாலும் தெரியாது. மாமன் வீட்டுக்குத் தெரிஞ்சா பொண்ணு தர மாட்டாங்கன்னு, சித்திரை வெயில்லயும் முழுக்கை சட்டையில சுத்தினேன். அவரு விடுவாரா?

"சட்டையக் கழட்டு. கண்ண மூடிக்கோ. பேனாவால தொடுவேன், தொட்டா சொல்லு."

பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் பரிட்சையில பாஸாவணும்னு ஆசை இருக்குமில்ல?

"தொட்டீங்க சார்." கொஞ்சம் விட்டு, "இப்பவும் தொட்டீங்க." மூணாவது தடவையும் சொன்னேன்.

"நான் இன்னும் பேனாவே எடுக்கலப்பா."

அப்புறம் நெஜமாவே தொட்டிருக்காரு. அப்ப எனக்கு ஒண்ணுமே தெரியல.

"பொண்ணு வீட்ல சொல்லிடுவீங்களா சார்?"

"நான் யார்கிட்டயும் சொல்றதில்ல. மாத்திரை முழுங்கினா யாருக்கும் ஒட்டாது. பொண்ணுகிட்ட நீயே சொல்லு."

சொன்னேன். "ஒழுங்கா முழுங்கு மாமா"ன்னா. கல்யாணமும் நடந்துச்சி.

என்னைக் கையும் களவுமா புடிச்சவங்க நெறைய பேரு. பேனாவக் கூட எடுக்காம புடிச்சது அவரு ஒருத்தருதான். எல்லார்கிட்டயும் அப்படித்தான் செய்வாரா, இல்ல என்னைப் பாத்து தோணிச்சான்னு கேக்கணும்னு இருந்தேன். மாத்திரை முடியறதுக்குள்ள அவர வேற ஊருக்கு மாத்திட்டாங்க.