துவைத்துக் கொடுத்த துண்டு

ராஜபாளையத்து வெள்ளை நாய்க்குட்டிக்கு எங்கேயும் மவுசு உண்டு. காது கேட்காமல் பிறக்கிற குட்டியை மட்டும் யாரும் வாங்க மாட்டார்கள். அப்படி ஒதுக்கிய ஒன்றைத்தான் எனக்குச் சும்மா தந்தார்கள். எனக்கு அதுவே வசதியாகப் போயிற்று. எட்டாம் வகுப்போடு மில் வேலைக்கு வந்தவள் நான். கவலைப்படுவதில் மட்டும் எப்போதும் முதல் மார்க். ஷிப்டு முடிந்து வந்து எல்லாவற்றையும் அவனிடம் கொட்டுவேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வார்த்தை வெளியே போகாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவரோடு நிச்சயமானது. போனில் தன்மையாகப் பேசினார். இவ்வளவு தன்மையாகப் பேசுகிறாரே என்று அதுவும் ஒரு கவலை. நாயை விட்டுவிட்டு வர என்னால் முடியாது என்று ஒருநாள் துணிந்து சொல்லிவிட்டேன். 

"அது என்னையக் கடிக்காம இருந்தா கூட்டிட்டு வா" என்றார்.

அவனோ புது ஆளை வாசலில் அண்டவிட மாட்டான். காது கேட்காதவனுக்கு மூக்குதான் எல்லாம். அதனால், வாடை பழகட்டும் என்று, அவர் வேலை நேரத்தில் தலையில் கட்டுகிற துண்டைக் கொடுத்தனுப்பச் சொன்னேன். அவர் ஊர்ப் பக்கம் மம்சாபுரத்திலிருந்து மில்லுக்கு வருகிற ஒரு அக்கா வாங்கி வந்தார். பிரித்தால் கமகமவென்று சென்ட் வாசனை. அடுப்படியில் நிற்கிறவர் யாருக்காக இப்படிப் பூசிக்கொள்கிறார்? அன்று தூக்கம் போயிற்று. நாய் மட்டும் அந்தத் துண்டில் சுருண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிற அன்று அவரும் அவருடைய அண்ணனும் வந்தார்கள். நாய் பாய்ந்து போய் அண்ணன் தோளில் காலைப் போட்டு முகத்தை நக்கினான். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பினான். அடுத்த நொடி மாப்பிள்ளை காம்பவுண்டுச் சுவர் மேல் இருந்தார்.

"ஏட்டி, ஒன் நாய் அண்ணனுக்குல்ல நிச்சயம் பண்ணிருச்சு" என்றாள் அம்மா.

"அவியளுக்கு ரெண்டு பிள்ளை இருக்கும்மா" என்றேன். அண்ணன் நிற்க முடியாமல் சிரித்தார்.

"ஏலே, துண்ட என்ன செஞ்சு குடுத்த?"

சுவர் மேலிருந்து தயங்கித் தயங்கிப் பதில் வந்தது. "பால் வாடை அடிச்சதுண்ணே. சோப்புப் போட்டுத் தொவச்சு, ஒன் சென்ட்ட அடிச்சுக் குடுத்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் வேண்டாம் என்று இப்போது சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டார். நாய் நெடுநேரம் மோந்தான். பிறகு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு உறுமினான்.

"பழகிருவான்" என்றார் அவர், பனியனோடு. "எங்க வீட்டு மாடிப்படிக்கு மட்டும் ஒரு கதவு போட்டுக்கிடுதேன். நீ அவனக் கூட்டிட்டே வா."

நாயைக் கட்டிப்போட்டேன். சங்கிலியைத் தூக்கிக் காட்டியும் அவர் இறங்கவில்லை. அவரைச் சுவர் மேலேயே விட்டுவிட்டு, அவருடைய அண்ணனோடும் அம்மாவோடும் கடைக்குப் போய், எனக்குப் பிடித்த ஊதாவிலேயே புடவை எடுத்துக்கொண்டேன்.