நன்னிலம் பஸ்ல கிடைச்ச சாவிக்கொத்து

இன்னிக்கு காலையில நன்னிலம் பஸ்ல எனக்கு வலிப்பு வந்துடுச்சு. நேத்து மாத்திரை போட மறந்துட்டேன்.

முழிச்சுப் பாத்தா என் கையில மூணு சாவிக்கொத்து! இரும்பைப் பிடிச்சா வலிப்பு நின்னுடுமாம்.

ஏறினதுலேர்ந்து தன்னோட சுகரைப் பத்தியே பேசிட்டு வந்த பக்கத்து சீட்டு அக்கா, "இந்த வியாதிய வச்சிக்கிட்டு ஏம்மா தனியா வர்றே?"ன்னாங்க.

"நீங்க சுகரை வச்சிக்கிட்டு தனியா வரலையாக்கா? மூளையில கொஞ்ச நேரம் கரண்டு தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான். சாவிக்கு அங்க வேலையில்ல. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதையும் திணிக்காதீங்க. அஞ்சு நிமிஷம் தாண்டினா 108க்குப் போடுங்க."

ரெண்டு கொத்தைத் திருப்பிக் கொடுத்துட்டேன். சிவப்புக் கயிறு கட்டின மூணாவது கொத்துக்காரர் அதுக்குள்ள இறங்கிட்டார்.

அந்தச் சாவியில்லாம வீட்டு வாசல்ல நிக்கிறவர் யாருங்க? நாளைக்கும் அதே பஸ்ல, அதே சீட்டுல, தனியாத்தான் வருவேன். வந்து வாங்கிக்கங்க.