வெள்ளைப் புகை வராத நாட்கள்

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிப் போன இரண்டாம் வருஷம் நான் அந்தத் துணி மில்லில் சேர்ந்தேன். என் வேலைக்கு ஆபீசில் ஏதோ நீளமான பெயர் இருந்தது. கொட்டகையில் எல்லோரும் என்னைப் 'பாட்டில்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் ப்ரெவே பரீட்சை தேறியவனை, சாராயக் கடைக்காரனைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறார்களே என்று முதல் வாரம் முழுக்க முறைத்துக்கொண்டு திரிந்தேன். முறைக்க முறைக்கப் பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். நெய்த துணியை வெளுக்க அங்கே குளோரின் என்ற காஸைப் பயன்படுத்தினார்கள். அது பெரிய இரும்பு சிலிண்டர்களில் வரும். அதைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் விட்டு வெளுப்பு நீர் தயாரிப்பார்கள். அந்தக் காஸ் மூச்சில் ஏறினால் நெஞ்சு வெந்துபோகும். நிறைய ஏறினால் ஆள் மிஞ்சமாட்டான். கசிகிறதா இல்லையா என்று மூக்கை வைத்துச் சொல்ல முடியாது. வெளுப்புக் கொட்டகையில் எந்நேரமும் அதே நெடிதான். ஒரு வாரம் அங்கே நின்றவனுக்கு அது நெடியாகவே தெரியாது. அதனால்தான் பாட்டில். அதில் அமோனியா இருக்கும். குச்சி நுனியில் துணியைச் சுற்றி, அமோனியாவில் நனைத்து, ஒவ்வொரு சிலிண்டரின் கழுத்தருகிலும் காட்ட வேண்டும். காஸ் கசிந்தால் துணியைச் சுற்றி வெள்ளைப் புகை எழும். கசியாவிட்டால் எழாது. காலையில் சங்கு ஊதியதும், ஆட்கள் உள்ளே போவதற்கு முன்னால் நான் இதைச் செய்துவிட வேண்டும். புகை வந்தால் வாசலில் தொங்கும் மணிக்கயிற்றை இழுக்க வேண்டும். வராவிட்டால் வாசலில் காத்திருப்பவரிடம் 'போலாம்' என்று சொல்ல வேண்டும்.

வாசலில் காத்திருப்பவர் என் அண்ணன். எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா இறந்த பிறகு பஞ்சுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, தான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாமல் என்னைப் படிக்க வைத்தவர். பஞ்சுத் தூசி அவருடைய நெஞ்சில் பாதியை ஏற்கெனவே தின்றிருந்தது. தூசி இல்லாத இடமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளுப்புக் கொட்டகைக்கு வந்தார். சிலிண்டர் திருகுகளைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. நான் 'போலாம்' என்றதும் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். நல்லாப் பார்த்தியா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்திருக்கும்.

முதல் நாள் எனக்கு வேலை காட்டியவர் போர்மேன். சட்டைக் காலர் கசங்காத மனிதர். அவரை நாங்கள் பிரெஞ்சுப் பழக்கத்தில் 'முசியே' என்றுதான் அழைப்போம். அவர் என்னை நேரே சிலிண்டர்களிடம் அழைத்துப் போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால், துணி அலசும் தொட்டிகளையும் தாண்டி இருந்த ஆசிட் அறைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த பீங்கான் ஜாடியைத் திறந்து, நனைத்த துணியை அதன் வாயருகே காட்டினார். சோறு வடிக்கும்போது எழும் ஆவி மாதிரி வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்தது. தினமும் முதலில் இங்கே வந்து பாட்டில் நல்லபடியாக இருக்கிறதா என்று பார், அப்புறம்தான் சிலிண்டர் என்றார். அமோனியா பறந்துபோகிற சரக்கு, இந்த ஊர் வெயிலுக்குக் கார்க் கொஞ்சம் தளர்ந்திருந்தாலே சத்துப் போய்விடும், சத்துப் போன பாட்டில் எந்தச் சிலிண்டரிடம் காட்டினாலும் நல்ல சிலிண்டர் என்றுதான் சொல்லும் என்றார். நான் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆசிட் அறைக்குப் போகும் வழியெல்லாம் கணுக்கால் சேறு. அந்த ஜாடி மூடியோ அம்மிக்கல் கனம். ஒருநாள் போகாமல் விட்டேன், ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் விட்டேன். அதற்கப்புறம் அந்த அறையின் ஞாபகமே எனக்கு வரவில்லை.

இதற்கு நடுவில் பாட்டிலுக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. தலைவலி, சளி, தலைசுற்றல் எதுவானாலும் அமோனியாவை ஒரு இழுப்பு மோந்தால் விட்டுவிடும் என்று மில் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை. முதலில் மடிப்புப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குச் சரியாகிவிட்டது. அவ்வளவுதான், மறுநாள் நாலு பேர், மழை வலுத்த பிறகு ஷிப்டுக்குப் பத்துப் பேர் என்று வரத் தொடங்கினார்கள். நான் கார்க்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். வரிசையாக மோந்து, கண்ணில் தண்ணீர் வழிய, மவராசனா இருப்பா என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். பாட்டில்காரர் என்ற பெயர் எனக்கு இனிக்கத் தொடங்கியது அப்போதுதான். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வாழ்த்து எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

பாட்டில் மளமளவென்று குறைந்தது. ஸ்டோரில் மாதத்துக்கு ஒன்றுதான் தருவார்கள். முன்கூட்டியே இன்னொன்று வேண்டுமென்றால் போர்மேனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். போனால் முதல் பாட்டில் எங்கே போயிற்று என்று கேட்பார். ஊர் மூக்கெல்லாம் மோந்தே தீர்த்துவிட்டது என்று அவரிடம் சொல்ல முடியுமா? குழாயடிக்குப் போனேன். மோரில் தண்ணீர் விடுவது போலப் பாட்டிலில் கொஞ்சம் விட்டுக் குலுக்கினேன். மோந்து பார்த்தேன். காரம் இருந்தது. சரி, இது போதும் என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். அடுத்த மாதச் சரக்கு மழையில் மதராஸிலிருந்து வந்து சேரவில்லை. மறுபடி கொஞ்சம் தண்ணீர் விட்டேன்.

துணியில் முன்பெல்லாம் ஏதாவது ஒரு சிலிண்டரில் மெல்லிசாகப் புகை காட்டும். உடனே திருகை இறுக்குவார்கள், நின்றுவிடும். இப்போது அதுவும் நின்றது. பத்து நாளாகப் புகையே இல்லை. போர்மேன்கூட, இந்தத் தடவை வந்த சிலிண்டர்கள் நல்ல ஜாதி போலிருக்கிறது என்றார். நானும் ஆமாம் முசியே என்றேன். என் வேலையை நான் நன்றாகச் செய்வதால்தான் கசிவே இல்லை என்பது போல ஒரு மிதப்பு எனக்கு. சிலிண்டரின் நல்ல குணத்துக்கு என்னைப் பாராட்டிக்கொண்ட முட்டாள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அண்ணனுக்கு இருமல் வந்தது. சாரம் பேட்டையில் ஒரே வீட்டில்தான் இருந்தோம், நடுவில் ஒரு தட்டி. அவர் எப்போதுமே இருமுகிறவர் என்பதால் முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பக்கத்துக் கதிர்காமத்திலிருந்து அண்ணியின் அம்மா தூதுவளை கொண்டுவந்து ரசம் வைத்துக் கொடுத்தார். அது கேட்கவில்லை. இருமி முடித்ததும் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் சிவந்து, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். என்ன அண்ணே என்றால் பழைய தூசி வெளியே வருது என்று சிரிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் நான் பெரிய மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கிக்கொண்டு வந்தேன். அதை வாங்கிக் கழுவ உட்கார்ந்த அண்ணி, நிமிராமலே சொன்னார்:

"ஞாயித்துக்கெழமன்னா நல்லாத்தான் இருக்காரு தம்பி. திங்கக்கெழம வேலைக்குப் போயிட்டு வந்தாத்தான் இருமல் வருது. நாலு வாரமா பாத்துகினுதான் இருக்கேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மழையும் தூசியும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து லீவு எடுத்துக்கொள்ளுமா? அன்றைக்கு ஒரு வாயோடு மீனை ஒதுக்கிவைத்தேன். முள் மாட்டிக்கொண்டதா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்றேன். பாட்டில் நன்றாகத்தானே இருக்கிறது, மோந்து பார்த்தேனே, காரம் இருந்ததே என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். எத்தனை தடவை சொன்னாலும் நிம்மதி வரவில்லை. அண்ணனிடம் நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை சங்கு ஊதியது. துணியை நனைத்தேன். ஆறு சிலிண்டரிலும் காட்டினேன். எதிலும் புகை இல்லை. வெளியே வந்தேன். அண்ணனும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தூறலில் நனைந்துகொண்டு நின்றார்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. வாயில் வந்தது பழகிப்போன சொல்தான். "போலாம்," என்றேன். துண்டை இறுக்கிக்கொண்டு அவர் உள்ளே போனார்.

அவர் முதுகு மறைந்ததும் குச்சியையும் பாட்டிலையும் பிடித்தபடியே சேற்றில் ஓடினேன். அலசும் தொட்டிகளைத் தாண்டி ஆசிட் அறைக்குள் நுழைந்தேன். ஜாடி மூடியைப் புரட்டித் தள்ளினேன். பாட்டிலைக் கவிழ்த்துத் துணியைச் சொட்டச் சொட்ட நனைத்து ஜாடி வாயருகே நீட்டினேன்.

ஒன்றுமே வரவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனேன். ஈரத் துணி ஈரத் துணியாகவே இருந்தது.

திரும்பி ஓடிவந்து மணிக்கயிற்றைப் பிடித்தேன். பிடித்தேனே தவிர இழுக்கவில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் இருந்த ஆள் கசிவில்லாமல் மணியடித்துவிட்டார் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மணியடித்தால் வெளுத்துக்கொண்டிருக்கிற துணியெல்லாம் பாதியில் நிற்கும், பாழாகும். காஸைப் பார்த்தாயா என்று கேட்பார்கள். பார்க்கவில்லை. பின்னே எதற்கு அடித்தாய் என்பார்கள். பாட்டில் கெட்டுவிட்டது என்றால், எப்படிக் கெட்டது என்பார்கள். பத்து எண்ணும் நேரம் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அண்ணன் இருமும் சத்தம் கேட்டது. அப்புறம்தான் இழுத்தேன். இழுத்தபடியே இருந்தேன், யாரோ வந்து என் கையைப் பிடிக்கும்வரை.

ஆட்கள் திமுதிமுவென்று வெளியே வந்தார்கள். அண்ணன் கடைசியாக வந்தார். திறந்த திருகையெல்லாம் மூடிவிட்டுத்தான் வந்திருக்கிறார். சுவரோரம் குந்தி உட்கார்ந்து இருமினார். போர்மேன் வந்தார். பாட்டிலை வாங்கி ஒருதரம் மோந்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். மதராஸ் சரக்கு சனிக்கிழமையே வந்து ஸ்டோரில் பிரிக்காமல் கிடந்திருக்கிறது. புது பாட்டிலை வரவழைத்து முதலில் ஆசிட் ஜாடியில் காட்டினார், புகை பொங்கியது. பிறகு ஈரத் துணியால் முகத்தைக் கட்டிக்கொண்டு சிலிண்டர்களிடம் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். முதல் சிலிண்டர், இரண்டாவது சிலிண்டர், ஒன்றுமில்லை. மூன்றாவதன் கழுத்தில் துணி பட்டதோ இல்லையோ, அவர் கையே தெரியாத அளவுக்கு வெள்ளையாகப் புகை எழுந்தது. அண்ணன் வேலை முடித்து மூச்சு வாங்க உட்காரும் முக்காலி அந்த மூன்றாவது சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. திருகின் அடியில் உப்புப் பூத்து அரித்திருந்தது, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிய்த்துக்கொண்டிருக்கும் என்றார் போர்மேன்.

என்னைத் தட்டிக் கொடுத்தார்கள். நல்லவேளை நீ அடிச்சே என்றார்கள். மடிப்புப் பிரிவு அம்மாள் என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். பழைய பாட்டில் ஏன் இப்படி ஆயிற்று என்று போர்மேன் கேட்டார். கார்க் லூசாக இருந்தது முசியே என்றேன். நாக்கு குழறக்கூட இல்லை. நல்ல கார்க்காகப் பார்த்து வாங்கக் கூடாதா என்று ஸ்டோர்காரரை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டார். அவர் பேசாமல் நின்றார். நானும்தான்.

அண்ணனை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். ஏற்கெனவே மோசமான நெஞ்சு, இப்போது உள்ளே வெந்திருக்கிறது, இனி அந்தக் கொட்டகைப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது, பழையபடி ஆகும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். மருந்துக்காக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"நீ தண்ணி ஊத்துனத நான் குழாயாண்ட ரெண்டு தபா பாத்தேன்டா," என்றார் அண்ணன். இருமல் அடங்கும்வரை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னார். "படிச்ச புள்ளயாச்சே, அளவு தெரிஞ்சுதான் கலக்குதுன்னு இருந்துட்டேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அவர் காலைப் பிடித்திருப்பேன். என் தோளில் கையை வைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"யாரு கேட்டாலும் கார்க்கு லூசுன்னே சொல்லு. இல்லன்னா உன் வேல பூடும்."

அண்ணன் அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். மில்லில் கேட்டவர்களிடமும், அவர் காரியத்துக்கு வந்தவர்களிடமும், அண்ணியிடமும்கூட, கார்க் லூசாக இருந்தது என்றே சொன்னேன்.