‘குளந்தை’யின் வம்சாவளி

‘குளந்தைகள்’ என்று அச்சான புஸ்வாண லேபிள் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்ததும், அச்சக மேனேஜர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும். நின்றால் மறுபடி விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு வெடிமருந்து அடைக்கிற மருந்து அறைதான். அதிலிருந்து தப்பிக்கத்தான் நாற்பது வயதுக்கு மேல் கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கப் பழகி, சிவகாசியில் அந்த அச்சகத்தில் சேர்ந்திருந்தார்.

மேனேஜர் கொடுத்த பழைய ஃபைலை அப்படியே நகலெடுத்ததாக அம்மா சொன்னார். இல்லை, புதிதாக அடித்தது என்று சாதித்தார் மேனேஜர். “மருந்து அடைச்ச கைக்கு ழ எங்கன வரும்?” என்றும் கேட்டிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குதிரைவாலியின் மரபணுக்களை ஒப்பிட்டு, எந்த ரகம் எதிலிருந்து பிரிந்தது என்று வம்ச மரம் போடுவது மதுரையில் என் ஆராய்ச்சி. மூதாதையை யாரும் பார்த்ததில்லை. ஒரே மாற்றம் இரண்டு ரகங்களில் இருந்தால் ஒரே தாயிடமிருந்து வந்திருக்கலாம். மிகக் குறைந்த மாற்றங்களில் எல்லாவற்றையும் விளக்குகிற மரத்தையே எடுத்துக்கொள்வோம்.

லேபிளுக்கு மட்டும் வேறு கணக்கா என்ன? அம்மா சேர்வதற்கு முன் மேனேஜரே கம்போஸ் செய்த லேபிளைத் தேடி எடுத்துப் போய்க் காட்டினேன். அதிலும் ‘குளந்தைகள்’.

அவர் அசரவில்லை. “அந்தப் பிளை யாருக்கும் வரும்மா. அன்னைக்கு நான் அடிச்சேன். இன்னைக்கு உங்கம்மா தனியா அடிச்சிருக்கும்.”

எரிச்சல் என்னவென்றால், கணக்குப்படி அவர் சொன்னது சரி. தனித்தனியே எவருக்கும் வரக்கூடிய மாற்றம் உறவுக்குச் சாட்சி ஆகாது. எங்கள் ஊரில் ழவுக்கு ள போடாத கை ஏது? அந்த எழுத்தை ஒதுக்கிவிட்டு, இன்னொருவருக்கு எளிதில் வராத பிழைகளைத் தேடினேன். அவர் அடித்தவை, அம்மா அடித்தவை என்று பத்து லேபிள்களின் வேற்றுமைகளை அட்டவணையாக்கி மரம் போட்டேன். ‘தூரத்தில் தூரத்தில் வைத்துக் கொளுத்தவும்’ என்று இருமுறை வந்த சொல்லும், திரியே இல்லாத புஸ்வாணப் படமும் அவருடைய பழைய லேபிளிலும் இருந்து காட்டிக்கொடுத்துவிட்டன. திரும்பி வந்த லேபிள் மேனேஜரின் கிளையில் போய் உட்கார்ந்தது. அம்மா சொந்தமாக அடித்தவை வேறு கிளையில் இருந்தன.

மறுநாள் அம்மாவோடு போய் மரத்தை மேனேஜர் மேசையில் விரித்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். வேலையில் இருக்கட்டும், பேருக்கு அந்தக் கடிதத்தை மட்டும் கொடுத்துவிடட்டும் என்றார்.

அம்மா பேனாவை வாங்கி ஒரே வரி எழுதினார்: ‘இது என் பிளை இல்லை.’

குனிந்து, ழ போடச் சொல்லிக் காதில் கிசுகிசுத்தேன்.

“கெடக்கட்டும்,” என்றார் அம்மா, மேனேஜருக்கும் கேட்கும்படி. “அது எம் பிளைதான்.”

கையெழுத்துப் போட்டு நீட்டிவிட்டு, தன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.